இரண்டு சாக்கு விதைநெல்லும் ஒரு இசட் பெறுமானமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்கிற என் மாமா ஒருநாள் கொப்பித் தாள் ஒன்றோடு கல்லடிக்கு வந்தார். போன போகத்தில் தானே எடுத்து வைத்த விதைநெல்லையும் கடையில் வாங்கிய விதைநெல்லையும் நூறு நூறாக எண்ணி ஈரச் சாக்கில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே இனம். ஒரு கிழமை கழித்து எண்ணிப் பார்த்ததைத் தாளில் குறித்திருந்தார்.

“என்ட நெல் எண்பத்தெட்டு முளைச்சிருக்கு. கடை நெல் எழுபத்தொன்பது. என்ட நெல்தானே நல்லது மருமகன்?”

ஓம் என்று சொல்லிவிடலாம். எண்பத்தெட்டு எழுபத்தொன்பதை விடப் பெரிது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாமா கேட்டது அந்த இருநூறு நெல்லைப் பற்றி அல்ல. அவை முளைத்து முடிந்துவிட்டன. வீட்டில் மிச்சம் இருக்கிற இரண்டு சாக்கையும் பற்றித்தான் கேட்கிறார். நூறு நெல்லைப் பார்த்துவிட்டுச் சாக்கைப் பற்றிப் பேசலாமா, பேசலாம் என்றால் எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறவர்கள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற உத்தியோகத்தர்கள், மாமாவைப் போல வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும். சாதாரண தரக் கணிதமும் வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு கல்குலேட்டரும் போதும். இங்கே வருகிற எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. எந்தச் சாக்கையும் ஊரையும் பற்றிய புள்ளிவிபரமாக எடுத்துவிட வேண்டாம்.

முதலில், இது உங்களுக்கு உரிய சோதனைதானா?

ஒவ்வொரு நெல்லுக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் விடை ஓம் அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரிய வேண்டும். முளைத்தது, முளைக்கவில்லை. நுளம்புக் குடம்பி இருந்தது, இல்லை. சித்தியடைந்தார், அடையவில்லை. அப்படிப்பட்ட ஓம்களை எண்ணி மொத்தத்தால் பிரித்தால் வருவதுதான் விகிதசமம். இரண்டு குழுக்களின் விகிதசமங்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்ப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

ஏக்கருக்கு எத்தனை மூடை, மாதம் எவ்வளவு வருமானம், எத்தனை புள்ளி என்று அளந்து எடுத்த தரவு என்றால் இது வேண்டாம். அது சராசரிகளை ஒப்பிடும் கணக்கு, வேறு சோதனை.

எண்ணுவதில் உள்ள சங்கதி

சூத்திரத்துக்கு ஓட வேண்டாம். மாமாவிடம் நான் முதலில் கேட்டது “எப்படி எண்ணினீங்க?” என்றுதான்.

சாக்கின் வாயைத் திறந்து மேலே இருந்து ஒரு பிடி அள்ளினாராம். அதிலிருந்து நூறைப் பொறுக்கினாராம். இங்கேதான் கணக்கு கெடுகிறது. விவசாயியின் கை தானாகவே பருத்த நெல்லைத்தான் எடுக்கும், பதரை ஒதுக்கிவிடும். ஐம்பது வருடப் பழக்கம் அது. தன் நெல்லை எண்ணும்போது இன்னும் கொஞ்சம் கவனமாக ஒதுக்கும். அதோடு, சாக்கின் மேல் நெல்லும் அடி நெல்லும் ஒன்றல்ல. நிலத்தில் வைத்த சாக்கு என்றால் அடியில் ஈரம் ஏறியிருக்கலாம்.

சரியான முறை இது. சாக்கின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நெல்லை எடுத்து ஒரு சுளகில் கொட்டிக் கலக்குங்கள். சுளகை நான்காகக் கோடு பிரித்து எதிரெதிரான இரண்டு பங்கை அகற்றிவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கலக்குங்கள். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து, நூறுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, ஓரத்திலிருந்து வரிசையாக, தெரிவு செய்யாமல் எண்ணுங்கள். ஈரச் சாக்குத் துணியில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என்று பரப்பினால் பிறகு எண்ணப் பிழைக்காது. இரண்டு துணிகளுக்கும் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் எழுதி, எது யாருடைய நெல் என்று தெரியாத ஒருவரை, வீட்டுப் பிள்ளையையே, எண்ண விடுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்த்ததை முளைத்தது என்று எடுப்பதா, குருத்தும் வந்தால்தானா என்பதை நெல்லைப் போடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

இன்னொன்று: இப்போதுதான் வெட்டிய நெல்லுக்கு உறங்குநிலை இருக்கும். அது உயிரோடு இருந்தும் முளைக்காது. ஒரு சாக்கு பழையது, மற்றது புதியது என்றால் நீங்கள் விதையின் தரத்தை அல்ல, வயதை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டுக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். கிராம சேவகர் பிரிவின் வாக்காளர் இடாப்பை வைத்து, கல்குலேட்டரில் உள்ள எழுமாற்று எண்ணை அழுத்தி வீடுகளைத் தெரிவு செய்தால், அது முழுப் பிரிவையும் பிரதிபலிக்கும் ஒரு மாதிரி. பிரதான வீதியால் சைக்கிளில் போய்க் கதவு திறந்திருந்த வீடுகளில் கேட்டால் அது கதவு திறந்திருந்த வீடுகளின் கணக்கு. பின்னால் எவ்வளவு நுட்பமான சோதனை போட்டாலும் அந்தப் பிழை திருந்தாது. கணக்கு ஐந்து நிமிட வேலை, எண்ணுவதுதான் வேலை.

சரி, மாமா ஒழுங்காக எண்ணினார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரே சாக்கிலிருந்து இரண்டு தடவை

இந்தச் சோதனையின் உயிர் ஒரு கற்பனையில் இருக்கிறது. இரண்டு பொட்டலமும் ஒரே சாக்கிலிருந்து வந்தவை என்று நினையுங்கள். அப்போதும் ஒன்றில் 85, மற்றதில் 81 என்று வரும். இன்னொரு தடவை எடுத்தால் 82, 86. எந்தத் தடவையும் இரண்டும் சரிசமமாக வர வேண்டும் என்று இல்லை. ஆக, வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, அநேகமாக எப்போதும் இருக்கும். ஒரே சாக்கிலிருந்து எடுத்தாலே சும்மா வரக்கூடிய வித்தியாசமா இது, அதைவிடப் பெரியதா என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரே சாக்கு என்ற அந்த எடுகோளுக்குச் சூனியக் கருதுகோள் என்று பெயர்: இரண்டு குடித்தொகைகளின் (மாதிரி எடுத்த முழுச் சாக்குகளின்) விகிதசமங்களும் சமம். அதற்கு எதிரானது மாற்றுக் கருதுகோள்: சமம் அல்ல. சூனியக் கருதுகோளைத் தற்காலிகமாக நம்பிக்கொண்டு, கையில் உள்ள தரவு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்துப்போகவே இல்லையென்றால் அதைக் கைவிடுகிறோம்.

கணக்கு

முதலில் இரண்டு விகிதசமங்களும் வித்தியாசமும்.

மாமாவின் நெல்: 88 ÷ 100 = 0.88
கடை நெல்: 79 ÷ 100 = 0.79
வித்தியாசம்: 0.88 − 0.79 = 0.09

அடுத்தது பொது விகிதசமம். ஒரே சாக்கு என்று நம்பிக்கொண்டிருப்பதால் இரண்டு மாதிரிகளையும் ஒன்றாகக் கொட்டிவிடலாம்.

பொது விகிதசமம்: (88 + 79) ÷ (100 + 100) = 167 ÷ 200 = 0.835

இப்போது நியம வழு. ஒரே சாக்கிலிருந்து எடுக்கும் இரண்டு மாதிரிகளுக்கிடையிலான வித்தியாசம் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு இது. பொது விகிதசமத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்குங்கள். அதை இரண்டு மாதிரி அளவுகளின் தலைகீழ்களின் கூட்டுத்தொகையால் பெருக்குங்கள். பிறகு வர்க்கமூலம்.

0.835 × 0.165 = 0.137775
(1 ÷ 100) + (1 ÷ 100) = 0.02
0.137775 × 0.02 = 0.0027555
√0.0027555 = 0.0525

ஒரே சாக்கிலிருந்து எடுத்தாலும் வித்தியாசம் ஐந்து சதவீதப் புள்ளி அளவுக்கு ஆடுவது சாதாரணம் என்று இது சொல்கிறது. கடைசியாக, நமது வித்தியாசம் அந்த ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு?

இசட் = 0.09 ÷ 0.0525 = 1.71

பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்த்த நாட்டில் இந்த எழுத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உயர்தரத்தில் உங்கள் புள்ளி சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்று சொன்னதும் இந்த இசட்தான். இங்கே நமது வித்தியாசம் பூச்சியத்திலிருந்து எத்தனை நியம வழு தள்ளி நிற்கிறது என்று சொல்கிறது.

வெட்டுப்புள்ளியும் இருக்கிறது. மாதிரிகள் போதிய அளவு பெரிதென்றால் இந்த இசட், மணி வடிவான செவ்வன் பரம்பலைப் பின்பற்றும். சூனியக் கருதுகோள் உண்மையாக இருக்கும்போது இசட் +1.96ஐ விடக் கூடவோ −1.96ஐ விடக் குறையவோ வருவதற்கு நிகழ்தகவு 5 சதவீதம். எனவே 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் வெட்டுப்புள்ளி 1.96. ஒரு சதவீதம் என்றால் 2.58. கம்பஸில் நாங்கள் எல்லோரும் சிக்னிபிகன்ட் என்றுதான் சொல்வோம். எழுதும்போது பொருண்மையுள்ள வேறுபாடு என்று எழுதுவோம்.

மாமாவின் 1.71 வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. அதற்குரிய பி பெறுமானம் 0.086. அதாவது இரண்டு சாக்கின் முளைதிறனும் ஒன்றேயென்றால்கூட, இந்த ஒன்பது புள்ளி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வருவது நூறு தடவையில் எட்டு ஒன்பது தடவை நடக்கக்கூடியது. அவ்வளவு அபூர்வம் இல்லை.

பி பெறுமானத்தைப் பலர் தலைகீழாக வாசிக்கிறார்கள். “சூனியக் கருதுகோள் சரியாக இருக்க 8.6 சதவீத வாய்ப்பு” என்று எழுதாதீர்கள். கருதுகோள் சரி என்று எடுத்துக்கொண்டு தரவைப் பற்றிச் சொல்லும் எண் இது. கருதுகோளைப் பற்றிச் சொல்லும் எண் அல்ல. அதேபோல “இரண்டு நெல்லும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது” என்பதும் பிழை. சமம் என்று காட்டவில்லை. வேறுபாடு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல இந்த இருநூறு நெல் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்த 5 சதவீதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்து பயிர்ப் பரிசோதனைத் தரவுகளோடு மல்லுக்கட்டினார். 1925இல் வெளியிட்ட நூலில் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாக எடுத்துக்கொண்டார். பிறகு அது எல்லாத் துறைக்கும் வழக்கமாகிவிட்டது. மருந்து, தேர்தல், வியாபாரம் எல்லாவற்றிலும் ஓடுகிற இந்த எல்லை வயற்காட்டில் பழக்கத்துக்கு வந்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமான செய்தி.

ஒரு வால், இரண்டு வால்

இங்கே ஒரு சபலம் வரும். “வேறுபடுகிறதா” என்று கேட்டால் பரம்பலின் இரண்டு பக்கமும், அதாவது இரண்டு வாலும், பார்க்க வேண்டும், வெட்டுப்புள்ளி 1.96. “மாமாவின் நெல் கூடவா” என்று ஒரு பக்கம் மட்டும் கேட்டால் முழு 5 சதவீதமும் அந்தப் பக்கத்துக்கே போகும், வெட்டுப்புள்ளி 1.645. எங்கள் 1.71 அதைத் தாண்டிவிடும்! அதே தரவு, அதே இசட், முடிவு மட்டும் மாறிவிடுகிறது.

கணக்கைப் போட்டு 1.71 என்று கண்ட பிறகு ஒரு வால் சோதனைக்கு மாறுவது, ஓட்டம் முடிந்த பிறகு முடிவுக் கோட்டை முன்னுக்கு இழுத்து வைப்பது போன்றது. கடை நெல் கூட முளைத்திருந்தால் மாமா பேசாமல் இருந்திருப்பாரா? “அப்ப கடை நெல்லை விதைப்பம்” என்று சொல்லியிருப்பார். அப்படியென்றால் அவருக்கு இரண்டு பக்கமும் முக்கியம், இரண்டு வால்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எப்போதும் இரண்டு வாலையே போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு வாலுக்கு உண்மையான காரணம் இருந்தால், தரவைப் பார்க்கும் முன்பே அதை ஆய்வு முன்மொழிவில் எழுதி வையுங்கள்.

நூறுக்குப் பதில் இருநூறு போட்டிருந்தால்

மாமா ஒவ்வொன்றிலும் 200 போட்டு, அதே சதவீதம் வந்திருந்தால் என்ன? 176, 158. விகிதசமங்கள் அதே 0.88, 0.79. பொது விகிதசமமும் அதே 0.835. மாறுவது தலைகீழ்களின் கூட்டுத்தொகை மட்டும்: 0.02க்குப் பதில் 0.01.

√(0.137775 × 0.01) = 0.0371
இசட் = 0.09 ÷ 0.0371 = 2.42

பி பெறுமானம் 0.015. இப்போது பொருண்மையுள்ள வேறுபாடு. ஒன்பது புள்ளி என்ற வித்தியாசத்தை மட்டும் சொல்லி மாதிரி எத்தனை என்று சொல்லாத அறிக்கையைக் கண்டால் நான் மூடி வைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். மாதிரியை இரட்டித்தால் இசட் இரட்டிக்காது, இரண்டின் வர்க்கமூலமான 1.41 மடங்குதான் ஆகும் என்பதையும் கவனியுங்கள்.

“அப்ப இன்னும் நூறு நூறு போடுவம்” என்றார் மாமா. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முதல் நூறைப் பார்த்து, சரிவராததால் இன்னொரு நூறு போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அதே 1.96ஓடு ஒப்பிட்டால் அது கள்ள ஆட்டம். இரண்டு தடவை எட்டிப் பார்க்கிறீர்கள். பிழையாக வேறுபாடு உண்டு என்று சொல்லும் அபாயம் 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 8 சதவீதமாகிறது. முதல் கணக்கை ஒரு வெள்ளோட்டமாக விட்டுவிட்டு, எத்தனை நெல் என்று முன்கூட்டியே தீர்மானித்துப் புதிதாகப் போடுவதே நேர்மை.

எத்தனை? கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. பொது விகிதசமம் சுமாராக எவ்வளவு வரும் என்று ஊகித்து, அதை ஒன்றிலிருந்து அதன் கழிவோடு பெருக்கி, 16ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் பிரியுங்கள். வருவது ஒரு குழுவுக்கான அளவு. மாமாவின் ஒன்பது புள்ளியைப் பிடிக்க: 16 × 0.137775 ÷ 0.0081 = 272. ஒவ்வொரு சாக்கிலும் 272 நெல் போட்டால், அந்த வேறுபாடு உண்மையில் இருக்கும் பட்சத்தில் ஐந்தில் நான்கு தடவை அது பிடிபடும். நெல் என்றால் 272 பெரிய விசயமல்ல. வீடு என்றால்தான் நாக்குத் தள்ளும். பாதிக்குப் பாதி என்ற நிலையில் பத்துப் புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க 16 × 0.25 ÷ 0.01, குழுவுக்கு 400 வீடு. இதை முன்மொழிவு எழுதும்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லாத் தரவும் எடுத்து முடித்த பிறகு போட்டுப் பார்த்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வது

ஓம், இல்லை என்பதோடு நிற்காமல், உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று சொன்னால்தான் கேட்கிறவருக்குப் பயன். அதற்கு நம்பிக்கை ஆயிடை. இதில் ஒரே சாக்கு என்று நம்பத் தேவையில்லை, எனவே பொது விகிதசமம் வேண்டாம். ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. இருநூறு நெல் கணக்குக்குப் போட்டுப் பார்ப்போம்.

0.88 × 0.12 ÷ 200 = 0.000528
0.79 × 0.21 ÷ 200 = 0.0008295
√(0.000528 + 0.0008295) = 0.0368
1.96 × 0.0368 = 0.072

0.09இலிருந்து 0.072ஐக் கழித்தால் 0.018, கூட்டினால் 0.162. மாமாவின் நெல் கடை நெல்லைவிட 2 புள்ளியிலிருந்து 16 புள்ளி வரை கூட முளைக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 2 புள்ளி என்றால் விதைக்கும்போது ஒரு பிடி கூட வீசினால் சரியாகிவிடும். 16 என்றால் கடைக்காரனோடு சண்டை போடலாம். சிக்னிபிகன்ட் என்ற ஒரு சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மாதிரி அளவுகள் வேறாக இருந்தால்

இன்னொரு உதாரணம், இந்த முறை வீடுகள். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் 150 வீட்டில் 96 வீடு காஸ் அடுப்புப் பாவிக்கிறது. படுவான்கரையில் 120 வீட்டில் 42 வீடு. (திரும்பவும் சொல்கிறேன், எண்கள் என் கற்பனை.) வழி அதேதான்.

96 ÷ 150 = 0.64; 42 ÷ 120 = 0.35; வித்தியாசம் 0.29
பொது விகிதசமம்: 138 ÷ 270 = 0.511
(1 ÷ 150) + (1 ÷ 120) = 0.015
√(0.511 × 0.489 × 0.015) = 0.0612
இசட் = 0.29 ÷ 0.0612 = 4.74

பொது விகிதசமத்தை எடுக்கும்போது 0.64ஐயும் 0.35ஐயும் கூட்டி இரண்டால் பிரித்துவிடாதீர்கள். அளவுகள் சமமாக இருந்தால் மட்டுமே அது சரிவரும்.

இசட் 4.74 என்றால் தற்செயல் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் சோதனை இவ்வளவு உரத்துச் சொன்னாலும் காரணத்தைச் சொல்லவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் காரணமா? வருமானமா, விறகு கிட்ட இருப்பதா, சிலிண்டர் மாற்றக் கடை தூரமா? 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏற்றித்தான் சாமான் கொண்டுபோன இடங்கள் உண்டு. அந்தப் பழக்கம் மிச்சமாக இருக்கலாம். தரவு எடுத்த காலமும் முக்கியம். 2022இல் நாடு முழுக்கக் காஸ் தட்டுப்பாடு வந்து விறகுக்குத் திரும்பிய வீடுகள் ஏராளம். ஒரு கரையில் அதற்கு முன்பும் மறு கரையில் அந்த நேரத்திலும் தரவு எடுத்திருந்தால், நீங்கள் ஒப்பிட்டது கரைகளை அல்ல, காலத்தை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 120 வீட்டையும் நான்கே நான்கு ஒழுங்கைகளில் எடுத்திருந்தால் அவை 120 தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரே ஒழுங்கையில் அண்ணன், தங்கை, மச்சாள் என்று சொந்தக்காரர் இருப்பார்கள். ஒரு வீட்டில் அடுப்பு வந்தால் அடுத்த வீட்டிலும் வரும். சூத்திரம் ஒவ்வொரு வீடும் சுயாதீனமானது என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் நியம வழு உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும், இசட் ஊதிப்போகும்.

இந்தச் சோதனை பொருந்தாத இரண்டு இடங்கள்

ஒன்று, எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்கும்போது. பொது விகிதசமத்தை ஒவ்வொரு மாதிரி அளவாலும் பெருக்குங்கள். ஒன்றிலிருந்து அதன் கழிவையும் அப்படியே பெருக்குங்கள். வரும் நான்கு எண்களும் ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முப்பது நெல் போட்டு, பொது விகிதசமம் 0.9 என்றால் 30 × 0.1 = 3. அப்போது செவ்வன் பரம்பலை நம்ப முடியாது. ஃபிஷரின் சரிநுட்பச் சோதனைக்குப் போங்கள். மென்பொருளே போட்டுத் தரும்.

மற்றதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். படிக்கும் காலத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டேன். முன்பு 30 பேர் சரி, பிறகு 39 பேர் சரி என்பது போன்ற தரவு. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டேன். இசட் 1.66 வந்தது. கூட்டத்தால் பயனில்லை என்று எழுதிவிட்டேன். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) பரீட்சகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இது அறுபது பேரா, நூற்றிருபது பேரா?”

அறுபது பேர்தான். ஒரே ஆளை இரண்டு தடவை கேட்டால் அவை இரண்டு சுயாதீன மாதிரிகள் அல்ல, சோடிகள். அதற்கு 1947இல் வந்த மக்னெமார் சோதனை இருக்கிறது. மாறாதவர்களை விட்டுவிட்டு மாறியவர்களை மட்டும் அது பார்க்கும். பிழையிலிருந்து சரிக்கு வந்தவர்கள் 12, சரியிலிருந்து பிழைக்குப் போனவர்கள் 3 என்றால், வித்தியாசமான 9ஐ மொத்தமான 15இன் வர்க்கமூலத்தால் பிரிக்க வேண்டும்: 9 ÷ 3.87 = 2.32. வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. நல்ல முடிவொன்றைப் பிழையான சோதனையால் நானே குப்பையில் போட்டிருக்கிறேன்.

இதைச் செய்ய, யார் முன்பு என்ன சொன்னார், பிறகு என்ன சொன்னார் என்று ஆள் ஆளாகத் தெரிய வேண்டும். படிவத்தில் இலக்கம் போடாமல் முன் தாள்கள் ஒரு கட்டு, பின் தாள்கள் ஒரு கட்டு என்று வைத்திருந்தால் சோடி சேர்க்க முடியாது.

மென்பொருளில் வேறு எண் வந்தால்

எஸ்.பி.எஸ்.எஸ் பாவிக்கிறவர்கள் குறுக்கு அட்டவணை போட்டுக் கை வர்க்கச் சோதனை எடுப்பார்கள். மாமாவின் நூறு நூறு நெல்லுக்கு அங்கே பியர்சன் வரிசையில் 2.94 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், எங்கள் 1.7145இன் வர்க்கம்தான் அது. வெட்டுப்புள்ளியும் 1.96இன் வர்க்கமான 3.84. பி பெறுமானம் அதே 0.086. அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில், எதிர்பார்த்த எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்த கட்டங்கள் எத்தனை என்று ஒரு வரி இருக்கும். அதை வாசிக்காமல் அட்டவணையை வெட்டி ஒட்ட வேண்டாம்.

ஆர் மென்பொருளில் ப்ரொப்.டெஸ்ட் போட்டால் அதே தரவுக்குப் பி பெறுமானம் 0.13 அளவில் வரும். அது கேட்காமலே தொடர்ச்சித் திருத்தம் ஒன்றைச் செய்துவிடும். அதை நிறுத்தச் சொன்னால் 0.086 வரும். எக்செல் மட்டும் இருந்தால் நோர்ம்.எஸ்.டிஸ்ட் சார்பில் இசட்டையும் அடுத்து TRUE என்பதையும் கொடுத்து, வருவதை ஒன்றிலிருந்து கழித்து இரண்டால் பெருக்குங்கள். இசட் மறை எண்ணாக வந்தால் குறியை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஆய்வேட்டில் எழுதும்போது

எண்ணிக்கை, சதவீதம், வித்தியாசம், ஆயிடை, இசட், பி எல்லாம் ஒரே இடத்தில் வர வேண்டும். “சேமித்த விதையில் 200இல் 176 (88%), வாங்கிய விதையில் 200இல் 158 (79%) முளைத்தன. வித்தியாசம் 9 சதவீதப் புள்ளி (95% நம்பிக்கை ஆயிடை 1.8 முதல் 16.2 வரை; இசட் = 2.42, பி = 0.015, இரு வால்).” இதற்குமேல் அலங்காரம் தேவையில்லை. 79இலிருந்து 88க்குப் போனதை “9 சதவீதம் கூடியது” என்று எழுதாதீர்கள். அது 9 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொல்வதென்றால் 79இல் 9 என்பது 11.4 சதவீதம். பி பெறுமானம் 0.086 வந்தால் 0.086 என்றே எழுதுங்கள், “0.05ஐ விடப் பெரிது” என்று மறைக்க வேண்டாம். மென்பொருள் 0.000 என்று காட்டினால் 0.001ஐ விடக் குறைவு என்று எழுதுங்கள். பூச்சியமான நிகழ்தகவு இங்கே கிடையாது.

மாமா அந்தக் கொப்பித் தாளின் பின்பக்கத்தில் 272 என்று எழுதிக்கொண்டு போனார். இந்தத் தடவை சுளகில் கலக்கித்தான் எடுக்கிறாராம். எண்ணுவதற்குப் பேத்தியைப் பிடித்து வைத்திருக்கிறார், எந்தத் துணி யாருடையது என்று அவளுக்குச் சொல்லவில்லை.